ஒரு வாளி மண்

ஆண் துணை இல்லாவிட்டாலும் பெண் பச்சோந்தியின் வயிற்றில் முட்டை வளரும். ரொறொன்ரோக் கடைகளில் விற்கிற இனம் யேமன், சவூதி அரேபியப் பக்கத்தது. ஒரு ஈட்டில் 20 முதல் 70 முட்டைகள் வரை இடும். கிடங்கு தோண்ட மண் இல்லையென்றால் அடக்கிக்கொண்டே இருக்கும். முட்டை உள்ளே சிக்கிச் செத்தும் போகும்.

ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற்றில் இருக்கும் நாங்கள் மூவரும் றெஸ்ரோறன்ற்றில் கோப்பை கழுவுகிறவர்கள். பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள். முன்பு இருந்தவர் விட்டுப்போன பச்சோந்தியும் எங்களோடு இருக்கிறது. மாசியில் அது தீனை மறுத்து, கூட்டின் அடியில் இறங்கிப் பிறாண்டத் தொடங்கியது. வெளியே நிலம் உறைந்து கல்லாய்க் கிடந்தது. மணலும் உரம் கலக்காத மண்ணும் வாங்கிக் குழைத்து, கிடங்கு இடியாதபடி ஈரமாக, வாளியில் ஒரு அடி ஆழத்துக்கு அமத்திக் கூட்டுக்குள் வைத்தோம்.

தோண்டும்போது ஆளைக் கண்டால் அது வேலையைக் கைவிட்டுவிடும். கூட்டைத் துணியால் மூடினோம். இரண்டு நாள் ஒரே அறைக்குள் மூன்று பேரும் இரகசியக் குரலில் கதைத்தோம். சோதனைச் சாவடி, முகாம், அகதி விசாரணை என்று எப்போதும் யாரோ பார்த்துக்கொண்டிருக்கவே வாழ்ந்தவர்கள் நாங்கள். பாராமல் விடுவதும் ஒரு உதவிதான்.

மூன்றாம் நாள் கிடங்கை மூடி மட்டமாக்கிவிட்டு, ஒட்டிய வயிற்றோடு கொப்பில் ஏறியது. தண்ணீர் தெளித்தோம். கல்சியம் தூவிய சில்வண்டுகளைத் தின்றது. கிளறி எண்ணினோம்: 41. ஒன்றும் பொரிக்காது. தாய் தப்பிவிட்டது. தீனையும் விளக்குச் சூட்டையும் அளவாக வைத்தால் அடுத்த ஈட்டில் முட்டை குறையும். வாளியை மட்டும் எடுக்கவில்லை.