அப்படி ஒரு கோப்பே இல்லையாம்!

லினக்ஸில் அறிவியல் கணக்கு போடும் மாணவர்களுக்கு ஒரு வரி மனப்பாடமாகவே ஆகியிருக்கும். "பகிர்வு நூலகங்களை ஏற்றுவதில் பிழை: லிப்ஜிஎஸ்எல்.எஸ்ஓ.0 கோப்பைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை." வருவது ஆங்கிலத்தில்தான். தமிழில் படித்தாலும் வயிற்றெரிச்சல் குறையாது. கன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் எல்லாம் ஒரு முனகலும் இல்லாமல் முடிந்திருக்கும். நிரலை ஓட்டினால் முதல் நொடியிலேயே இந்தப் பதில்! குனு அறிவியல் நூலகமான ஜிஎஸ்எல், தன் கையேட்டிலேயே இந்தப் பிழையை அச்சிட்டு, என்ன செய்யலாம் என்றும் சொல்லி வைத்திருக்கிறது. அவ்வளவு பிரபலம்.

வேடிக்கை என்னவென்றால், "இல்லை" என்பது பாதி நேரம் பொய். கோப்பு யூஎஸ்ஆர் அடைவுக்குள், லோக்கலுக்குள், லிப் என்ற இடத்தில் குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கும். தேடுகிறவர்தான் அந்தப் பக்கம் போகவில்லை.

கல்யாண வீட்டுக்கு அண்டா வாங்குகிற கதைதான் இது. எல்லாரும் சொந்தமாக அண்டா வாங்கி வைப்பதில்லை, வாடகைப் பாத்திரக்கடையில் எடுத்துக்கொள்கிறார்கள். நிரலும் அப்படித்தான். மேட்ரிக்ஸ் பெருக்கும் வேலையைத் தானே சுமக்காமல், "எனக்கு இன்ன பெயர் கொண்ட நூலகம் வேண்டும்" என்று ஒரு சீட்டை மட்டும் வைத்துக்கொள்கிறது. ஓடத் தொடங்கும்போது லோடர் என்கிற ஆள் அந்தச் சீட்டோடு கிளம்புகிறார். நிரலுக்குள்ளேயே எழுதியிருக்கும் பாதை, எல்டி_லைப்ரரி_பாத் என்ற சூழல் மாறி, முன்கூட்டியே தயாரித்த கேஷ் பட்டியல், அப்புறம் வழக்கமான ஒன்றிரண்டு அடைவுகள். இத்தனைதான் அவருக்குத் தெரிந்த கடைகள். ஹார்டு டிஸ்க் முழுவதும் தேட மாட்டார். (தேடினால் அது இன்னும் பெரிய ஆபத்து!)

அதனால் முதலில் எல்டிடி கட்டளையை நிரலின் மேல் ஓட்டிப் பார்க்க வேண்டும். எந்தெந்த நூலகம் எங்கிருந்து வருகிறது, எது "நாட் ஃபவுண்ட்" என்று வரிசையாகச் சொல்லிவிடும். நம்பிக்கையில்லாத இடத்திலிருந்து வந்த நிரல் மேல் மட்டும் ஓட்டக் கூடாது, சில சமயம் அது அந்த நிரலையே இயக்கிவிடும். கோப்பு லோக்கலில் இருந்தால், உபுண்டுவில் நிர்வாகி உரிமையோடு எல்டிகான்ஃபிக் ஒரு தடவை ஓட்டினால் கேஷ் புதுப்பிக்கப்பட்டு வேலை முடிந்துவிடும். ரெட்ஹேட் குடும்பத்தில் அந்த அடைவு பட்டியலிலேயே இல்லாமல் இருக்கும், ஒரு வரி சேர்த்துவிட்டு ஓட்ட வேண்டும்.

சரி, இது சுலபமான பாதி. கோப்பு நிஜமாகவே இல்லாவிட்டால்?

ஆராய்ச்சி மாணவி ஒருத்திக்கு நேர்ந்தது அதுதான். அவள் ஆய்வகத்தில் ஒரு ஃபோர்ட்ரான் நிரல். முன்னால் படித்தவர் 2015இல் கம்பைல் செய்து வைத்துவிட்டுப் போனது. மூல நிரல் யாரிடமும் இல்லை. அவள் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் முழுக்க அதன் எண்களின் மேல் நிற்கிறது. கணினியில் உபுண்டு 20.04 போட்டதும் அது கேட்டது லிப்ஜிஃபோர்ட்ரான்.எஸ்ஓ.3. கணினியில் இருந்ததோ எஸ்ஓ.5.

இணையத்தில் தேடினால் இதற்கு ஒரு பிரசித்தமான "தீர்வு" கிடைக்கும்: 5 என்ற கோப்புக்கு 3 என்று பெயர் வைத்து ஒரு சிம்லிங்க் போடு. சீட்டில் எழுதியிருப்பதைப் பாத்திரத்தின் மேல் சாக்பீஸால் எழுதிவிடுவது! அந்த எண் சும்மா அழகுக்கு இல்லை. பழைய நிரல்களோடு ஒத்துப்போகாத மாற்றம் வரும்போதுதான் அதைக் கூட்டுகிறார்கள். ஜிசிசி 7 (2017) அதை 4 ஆக்கியது, ஜிசிசி 8 (2018) 5 ஆக்கியது. எட்டில் அணிகளை நினைவகத்தில் விவரிக்கும் அமைப்பே மாறிவிட்டது. சரத்தின் நீளத்தை அனுப்பும் எண்ணின் அளவும் மாறியது.

அவளும் சிம்லிங்க் போட்டுப் பார்த்தாள். நல்ல வேளை, ஜிஃபோர்ட்ரானின் நூலகம் தன் செயற்கூறுகளுக்கும் பதிப்பு முத்திரை வைத்திருக்கிறது, "ஜிஃபோர்ட்ரான்_1.0 காணவில்லை" என்று மறுத்துவிட்டது. ஹெச்டிஎஃப்5 நூலகமும் இப்படித்தான், கம்பைல் செய்த பதிப்பும் ஓடும் பதிப்பும் பொருந்தாவிட்டால் கத்திவிட்டு நின்றுவிடும். எரிச்சல்தான், ஆனால் அது செய்கிற உபகாரம் பெரிது. இந்த மாதிரி காவல் எல்லா நூலகத்திலும் இல்லை. 32 பிட் முழு எண் எதிர்பார்க்கும் நிரலுக்கு, அதே செயற்கூறுப் பெயர்களோடு 64 பிட்டுக்குக் கட்டிய பிளாஸ் நூலகம் மாட்டினால், பக்கத்தில் கிடக்கும் குப்பையையும் சேர்த்து ஒரே எண்ணாகப் படிக்கும். நிரல் செத்து விழுந்தால் அதிர்ஷ்டம். விழாமல் ஏதோ ஓர் எண்ணைத் துப்பினால், அது வரைபடமாகி, ஆய்வேட்டில் ஏறி, கைடு கையெழுத்தும் போட்டுவிடுவார்.

பைதான்காரர்கள் இந்தத் தலைவலியை வேறு மாதிரி ஒழித்தார்கள். பிப் வழியாக லினக்ஸில் நம்பை நிறுவினால், அதற்கு வேண்டிய ஓபன்பிளாஸ் கூடவே பொட்டலத்துக்குள் வந்துவிடும், பெயரில் ஒரு வால் ஒட்டி, வேறெதோடும் மோதாதபடி. 2016இல் வந்த மெனிலினக்ஸ் ஏற்பாட்டின் புண்ணியம். காண்டாவும் கம்பைலர் நூலகங்கள் வரை தன் அடைவிலேயே வைத்துக்கொள்கிறது. டிஸ்கில் ஒரே நூலகம் நாலு இடத்தில் கிடக்கும், கிடந்துவிட்டுப் போகட்டும். ஆர் மொழியில் இன்னும் பழைய கதைதான். உபுண்டு 20.04இலிருந்து 22.04க்குப் போனால் ஜிஎஸ்எல் எண் 23இலிருந்து 27 ஆகிவிடும், அதை நம்பிய தொகுப்புகளை மறுபடி நிறுவி கம்பைல் செய்ய வேண்டும்.

மூல நிரல் இல்லாத அவளுக்கு அந்த வழியும் இல்லை. கடைசியில் உபுண்டு 16.04 வைத்து ஒரு கன்டெய்னர் கட்டினாள். அதில் எஸ்ஓ.3 அசலாகவே கிடைக்கிறது. நிரல் ஓடியது. அதை மட்டும் நம்பாமல், முன்னவர் விட்டுப்போன ஒரு பழைய உள்ளீட்டைக் கொடுத்து, வந்த விடையை 2015 வெளியீட்டுக் கோப்போடு டிஃப் போட்டுப் பார்த்தாள். தேதி வரி தவிர வித்தியாசம் இல்லை. அன்று ராத்திரியே கிளஸ்டரில் வேலையைச் சமர்ப்பித்தாள். வரிசையில் அவளுக்கு முன்னால் 41 பேர்.