புகையில்லாக் கரி



அடுப்புக்கரியைப் பற்றி ஓர் ஆசிரியர் எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணக்கூடும். என் தங்கையின் பிள்ளைப்பேறு வரையில் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

அது ஆண்டிறுதி மழைக்காலம். தாயும் சேயும் கோலா கங்சாரில் உள்ள எங்கள் வீட்டிற்கு வந்த மறுநாளே, அறையில் ஒரு கரியடுப்பு வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். பெற்றவள் உடம்புக்குச் சூடு, குழந்தைக்குச் சாம்பிராணி. கரி வாங்கும் பொறுப்பு என்னுடையது. அறிவியல் போதிப்பவன் ஆயிற்றே! நான்கு வகைக் கரிகளை வாங்கி, வகைக்கு ஒரு கிலோ நிறுத்து, வீட்டின் பின்புறம் ஒரே அடுப்பில் எரித்துப் பார்த்தேன்.

ரப்பர் மரக்கரி எளிதில் பற்றிக்கொண்டது, பொறி பறந்தது, விரைவில் தணிந்தது. 1877-இல் நம் ஊரில் நடப்பட்ட மரத்தின் இனம் என்ற பாசம் எனக்கு அதன்மேல் உண்டு. ஆயினும் அறைக்குள் பொறி பறந்தால் ஆகாது. மரத்தூளை அழுத்திச் செய்த துளைக்கட்டி நெடுநேரம் கனன்றது; சாம்பலும் மிகுதி. தேங்காய்ச் சிரட்டைக்கரி பற்றத் தாமதித்தாலும் கடுஞ்சூடு தந்தது.

நான்காவது பாக்காவ் கரி. தைப்பிங்கிற்கு அப்பால், கோலா செபெத்தாங்கில், மாத்தாங் சதுப்புநிலக் காட்டுக் கண்டல் மரங்களைச் செங்கல் சூளைகளில் ஏறக்குறைய ஒரு மாதம் வேகவைத்து எடுப்பது. சுமார் 40,000 ஹெக்டர் பரப்புள்ள அக்காட்டில் முப்பது ஆண்டுச் சுழற்சியில் மரம் வெட்டுகிறார்கள். அந்தக் கரியைத் தட்டினால் உலோகம்போல் ஒலித்தது. கனன்றபின் கண்ணுக்குப் புகையே தெரியவில்லை. பற்றும் நேரம், எரியும் நேரம், சாம்பல், புகை என நான்கு கட்டங்கள் கொண்ட என் அட்டவணையில் பாக்காவ் முதலிடம் பெற்றது.

அன்று இரவு மழை கொட்டியது. "தம்பி, சன்னலச் சாத்துப்பா, பிள்ளைக்குச் சில்லுனு அடிக்குது" என்றார் அம்மா. சாத்தினேன். புகையில்லாத கரிதானே!

அரைமணி நேரத்திற்குள் தங்கைக்குத் தலைவலி, குமட்டல். அம்மாவும் தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். பிரசவக் களைப்பு என்றே நினைத்தோம். கஞ்சி கொண்டு வந்த பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக், அறைக்கதவைத் திறந்ததும் ஒன்றும் கேட்காமல் சன்னல்களை அகலத் திறந்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு முற்றத்திற்கு நடந்தார். மருத்துவமனைக்கு ஓடினோம். மூவரும் பிழைத்தனர்.

காரணம் கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்கிற்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்வது. விறகுப்புகையாவது கண்ணை எரித்து நம்மை வெளியே விரட்டும்; நல்ல கரி எச்சரிப்பதே இல்லை. கண்ணாடிக் குவளையால் மூடிய மெழுகுவத்தி அணைவதை ஆண்டுதோறும் மாணவர்களுக்குக் காட்டுபவன் நான். என் தங்கையையே அந்தக் குவளைக்குள் வைத்தேன் என்பதை எண்ணும்போது இன்றும் நெஞ்சு பதறுகிறது.

"தோட்டத்துல நாலு பிள்ளை பெத்தேன், ஒண்ணும் ஆகலையே" என்று அம்மா பிறகு வியந்தார். உண்மைதான். எங்கள் லயத்து வீட்டில் சுவருக்கும் கூரைக்கும் இடையே கையை நுழைக்கலாம். பலகைக்குப் பலகை இடுக்கு. வழக்கத்தைக் காத்தது அந்த இடுக்குகள்தாம். நாம் வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கண்ணாடிச் சன்னல் பொருத்திய கல்வீட்டிற்குக் குடிவந்துவிட்டோம்.

குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்க மரத்தூள் குச்சிகளை வாங்குவோரும் என்னைப்போல் ஒப்பிடவே செய்கிறார்கள். ஐரோப்பாவில் முதல்தரக் குச்சியில் ஈரம் 10 விழுக்காட்டையும் சாம்பல் 0.7 விழுக்காட்டையும் தாண்டக்கூடாது. ஆனால் அந்த அடுப்புக்குப் புகைபோக்கி உண்டு. அப்படியிருந்தும், குச்சிகளைக் குவித்த மூடிய கிடங்குகளில் எரியாமலேயே இவ்வாயு சேர்ந்து உயிர்களைப் பறித்திருக்கிறது.

இப்போது என் வகுப்பில் அந்த அட்டவணையைக் கரும்பலகையில் வரைகிறேன். ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன்: "காற்று எவ்வழி வெளியேறும்?" எந்தக் கரியானாலும் மூடிய அறைக்குள் வேண்டாம். பெற்றவளுக்கு வெந்நீர்ப்பை போதும். சாம்பிராணியை, மழை விட்டபின், வாசலில் போடுங்கள்.