பாதையும் கிணறும்

வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் செய்து பார் என்றனர் நம் முன்னோர். அப்பழமொழி நயினாதீவிலே பிறந்திருக்குமாயின், படலையிலிருந்து வாசற்படி வரை பாதை போட்டுப் பார் என்னும் மூன்றாவது வாக்கியமும் அதனோடு சேர்ந்திருக்கும். நாற்பதடி நீளத்துக்குச் சீமெந்து இடுவது ஒரு பெரிய காரியமா என்று நகரத்து வாசகர்கள் நகைக்கலாம். தீவிலே அது பெரிய காரியந்தான். பணத்தோடு, வீட்டின் குடிநீரும் அதில் அடங்கியிருக்கின்றது.

எமது முற்றம் ஊரிலுள்ள ஏனைய முற்றங்களைப் போன்றதே. ஒழுங்கையிலிருந்து படலையைத் திறந்தால் வெண்மணல். ஒரு பக்கத்திற் கிணறு. சுற்றிலும் பனையோலை வேலி. வெறுங்காலுக்கு இதமான அம்மணல் சக்கரத்துக்குப் பகை. எண்பது வயதைக் கடந்த எம் தாயாருக்குச் சக்கர நாற்காலி தேவைப்பட்டபோது, அவரை ஒழுங்கையில் நிற்கும் முச்சக்கரவண்டி வரை இருவர் தூக்கிச் செல்ல வேண்டியதாயிற்று. ஆனி மாதத் திருவிழாவில் நாகபூசணி அம்மனைத் தரிசிக்கத் தவறாதவர், பிறர் தூக்க வேண்டுமே என்ற கூச்சத்தினால் வீட்டிலேயே இருந்துவிட்டார். அதன் பின்னரே பாதை ஒன்று போடுவதெனத் தீர்மானித்தோம். செலவைத் தான் ஏற்பதாகக் கனடாவிலுள்ள தம்பி கூறினான்.

முதலில் வந்த கொந்தராத்துக்காரர் முற்றத்தை ஒருமுறை சுற்றி வந்தார். "பாதை மட்டும் ஏன்? முழுவதையும் கொங்கிறீற் ஆக்கினால் புல்லும் இல்லை, சேறும் இல்லை. சதுர அடிக்கு விலையும் குறைத்துப் போடலாம்" என்றார். தொலைபேசியிற் கேட்டுக்கொண்டிருந்த தம்பிக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

இரண்டாவதாக வந்தவர் முதியவரான ஒரு மேசன். திண்ணையில் அமர்ந்து தேநீர் அருந்தியவர், அளவு நாடாவை எடுக்குமுன் ஒரு கேள்வி கேட்டார்: "பிள்ளையள், கிணறு எந்தப் பக்கம்? மாரி வெள்ளம் எங்காலை ஓடுறது?"

அக்கேள்வியின் பொருளைச் சிறிது விரித்துரைப்பது மாணவர்களுக்கும் பயன்படும். எமது தீவுக்கு ஆறில்லை. ஐப்பசி, கார்த்திகையிற் பெய்யும் மழை மணலினூடே இறங்கிச் சுண்ணக்கல்லிற் தங்குகின்றது. நன்னீர் உவர்நீரிலும் பாரங் குறைந்ததாகையால், கீழேயுள்ள கடல்நீரின் மேல் அது மிதந்து நிற்கின்றது. ஒல்லாந்தப் பொறியியலாளர் படோன் கைபன் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க் 1901 இலும் இதனைத் தனித்தனியே விளக்கினர். கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி வரை நன்னீர் நிற்கும் என்பது அவர்கள் கணக்கு. சிறு தீவுகளில், கல்லின் வெடிப்புகளூடே கடல்நீர் கலப்பதால், உண்மை அளவு இதனிலும் குறையும். மேலே ஓரடி தாழ்ந்தால் கீழிருந்து உப்பு பலமடங்கு உயரும் என்பதே இதிலுள்ள எச்சரிக்கை. மணல் முற்றத்தை எம் பெரியோர் மணலாகவே விட்டுவைத்ததால் மழை நிலத்துள் இறங்க வழி இருந்தது.

அன்றிரவு காகிதமும் பேனாவும் எடுத்துக் கணக்கிட்டோம். எமது முற்றம் 1,200 சதுர அடி. ஓர் அங்குல மழை பெய்தால் அதன்மீது விழும் நீர் 100 கன அடி. அதாவது 2,800 லீற்றருக்குச் சற்று மேல். முற்றம் முழுவதையும் மூடிவிட்டால் அந்நீரிற் பெரும்பகுதி ஒழுங்கைக்கும் அங்கிருந்து கடலுக்கும் போய்விடும். ஐந்தடி அகலத்திற் பாதை மட்டும் போட்டால் மூடப்படுவது 200 சதுர அடியே. நான்கு அங்குலக் கனத்துக்கு இதற்கு ஏறத்தாழ 12 மூடை சீமெந்து போதும்; முழு முற்றத்துக்கோ 70 மூடைக்கு மேல் வேண்டும்.

மூடைக் கணக்குத் தீவிலே சாதாரணமானதன்று. காங்கேசன்துறையில் 1950 இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை 1990 இற் போரினால் நின்றுபோனது. சீமெந்து யாழ்ப்பாணத்துக்கே தொலைவிலிருந்து வருகின்றது. அங்கிருந்து பண்ணை, வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, படகேறி, மறுகரையில் இறங்கி, மீண்டும் வண்டியேறி வீடு சேர வேண்டும். 50 கிலோ மூடையொன்று ஐந்து தரம் கைமாறுகின்றது. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் கூலியுண்டு. தீவகத்திலே வாகனங்களை ஏற்றிக் கடலைக் கடக்கும் மிதவைக்கும் 'பாதை' என்றே பெயர் வழங்குவது பொருத்தமானதே. கடலிற் பாதை இல்லையேல் நிலத்திற் பாதை இல்லை.

இக்கணக்கைக் கேட்ட தம்பி சற்று நேரம் பேசவில்லை. பின், "அம்மா அந்தக் கிணற்றுத் தண்ணியைத்தானே குடிக்கிறா. மேசன் சொன்னபடி செய்யுங்கோ" என்றான்.

வேலையை முதிய மேசனிடமே ஒப்படைத்தோம்; ஆயினும் எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துக்கொண்டோம். அவர் முகஞ் சுளிக்கவில்லை. "எழுதினால் எனக்கும் நல்லது" என்றார். நீளம், அகலம், கனம். சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, சல்லி நான்கு என்னும் கலவை. உப்புச் சேர்ந்த கடற்கரை மணல் ஆகாது. படகுக் கூலி யாருடையது. வழியில் நனைந்து கட்டிப்படும் மூடையின் நட்டம் யாருடையது என ஒவ்வொன்றும் எழுதப்பட்டது. பணம் மூன்று பங்காகக் கொடுக்கப்படும்: பொருள் வந்து இறங்கியதும் ஒன்று, பாதை இட்டு முடிந்ததும் ஒன்று, ஏழு நாள் ஈரச்சாக்குப் போர்த்து நீர் விட்ட பின் இறுதிப் பங்கு. கிணறு நிறைந்திருக்கும் தை மாதத்தையே வேலைக்குத் தேர்ந்தோம். சித்திரையிலாயின் அந்த ஏழு நாள் நீருக்கே திண்டாடியிருப்போம்.

பாதை ஒரு பக்கம் ஒன்றேகால் அங்குலம் சரிந்துள்ளது. அதன் ஓரத்திற் சல்லி நிரப்பிய சிறு வாய்க்கால் ஒன்று மழைநீரை ஏந்தி மணலுக்குள் இறக்குகின்றது. அடுத்த ஆனியில் எம் தாயார், எவரும் தூக்காமல், திண்ணையோரத்திலேயே முச்சக்கரவண்டியில் ஏறிக் கோயிலுக்குச் சென்றார்.

வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தினால் இன்று தீவகத்திற் பல வீடுகள் புதுப்பொலிவு பெறுகின்றன. அது மகிழ்ச்சிக்குரியதே. பணம் அனுப்புவோர் ஓரிடத்திலும், தண்ணீர் அள்ளுவோர் வேறிடத்திலும் இருப்பதை மட்டும் நாம் மறத்தலாகாது. முற்றத்துக்குச் சீமெந்து இடக் கருதும் குடும்பத்தினர், சதுர அடிக்கு என்ன விலை என்று வினவுமுன், வீட்டிலுள்ள மாணவர் ஒருவரிடம் அளவு நாடாவைக் கொடுத்து, ஓர் அங்குல மழைக்கு எத்தனை லீற்றர் என்று கணக்கிடச் சொல்வார்களாக. கொந்தராத்துக்காரரோடு பேச வேண்டியவற்றிற் பாதி அக்கணக்கிலேயே கிடைத்துவிடும்.