கோல் மார்க்கெட்டிலிருந்து மலை மந்திர் வரை

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கோல் மார்க்கெட் புதிய பெயரன்று. 1921ஆம் ஆண்டில் எழுந்த அந்தப் பன்னிரு பக்கக் கட்டடத்தைச் சுற்றிலும் அரசாங்கக் குடியிருப்புகள் தோன்றிய நாள்தொட்டு, எழுத்தர்களாகப் பணியேற்று வடக்கே வந்த நம்மவர் பலர் அவற்றில் குடியேறினர். கட்டடத்தினுள் இருந்த கடைகள் காலி செய்யப்பட்டு ஆண்டுகள் பல சென்றுவிட்டன. ஆயினும் வட்டத்தைச் சுற்றிய வீதிகளின் கலகலப்புக் குறையவில்லை. இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் நாமும் இப்பகுதியில்தான் குடியிருந்து வருகிறோம்.

ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று விடியுமுன் நம் தெருவிலிருந்து சிலர் கூடி இராமகிருஷ்ணபுரத்திலுள்ள உத்தர சுவாமிமலைக்கு, அதாவது 1973இல் குடமுழுக்குக் கண்ட நம் மலை மந்திருக்கு, நடந்தே செல்வது வழக்கம். பிர்லா மந்திரையும் நம் தமிழ்ப் பள்ளியையும் கடந்து, மந்திர் மார்க் வழியே தெற்கே தால்கடோராப் பக்கம் இறங்கி, மதர் தெரசா கிரசென்ட் வழியாகச் சர்தார் படேல் மார்க்கைப் பிடித்து, தௌலா குவானைத் தாண்டிச் செல்வோம். பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் நாட்கணக்கில் நடப்பவர்களுக்கு இது ஒரு தூரமே அன்று. ஆனால் நாற்காலியில் அமர்ந்து கோப்புகளைப் புரட்டும் கால்களுக்கு இதுவே பெருந்தூரம் என்பதை முதலாண்டிலேயே கற்றுக்கொண்டோம்.

அவ்வாண்டு யாத்திரைக்கென்றே புதிய காலணி வாங்கி, அன்று காலைதான் முதன்முதலாக அணிந்தோம். தால்கடோரா வருவதற்குள் இடக் குதிகாலில் இலேசான எரிச்சல் கண்டது. உடன் வருவோர் முன் உட்கார வெட்கப்பட்டு மேலே நடந்தோம். தௌலா குவானில் எரிச்சல் கொப்புளமாயிற்று. மலை மந்திரின் படிகளில் அது உடைந்து காலுறையோடு ஒட்டிக்கொண்டது. சுவாமி தரிசனத்தின்போதும் மனம் குதிகாலிலேயே நின்றது. அடுத்த மூன்று நாட்கள் அலுவலகத்துக்குச் செருப்பை இழுத்துக்கொண்டு சென்றோம்.

சூடேறிய அச்சு

நம் தொழிலில் தினமும் காணும் ஒரு காட்சி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வண்டி நிலையத்துள் நுழையும்போது ஊழியர் இருபுறமும் நின்று சக்கரங்களைக் கூர்ந்து கவனிப்பர். நின்றதும் அச்சுப் பெட்டிகளின் சூட்டைப் பார்ப்பர். முன்பு புறங்கையால் தொட்டுப் பார்த்தனர்; இப்போது அதற்குக் கருவி உண்டு. ‘ஹாட் ஆக்ஸில்’ என்று தெரிந்தால் எவ்வளவு அவசர வண்டியாயினும் நிறுத்தி, அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்ட பின்னரே அனுப்புவர். அப்படியே ஓடவிட்டால் அச்சு முறிந்து வண்டி தடம் புரளும்.

காலின் கதையும் இதுவே. ஈரம், உராய்வு, சூடு என்ற மூன்றும் சேர்ந்தே கொப்புளம் எழுகிறது. எழுவதற்கு முன் தோல் சிவந்து எரியும். அந்த நேரத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, காலுறையைக் கழற்றி, காலைத் துடைத்து உலர்த்தி, எரியும் இடத்தில் சுருக்கமின்றி ஒரு பிளாஸ்திரி ஒட்டினால் கொப்புளம் பெரும்பாலும் வாராது. வெட்கத்தால் தவறவிட்ட அந்த ஐந்து நிமிடந்தான் நமக்கு மூன்று நாட்களைத் தின்றது.

காலணியும் காலுறையும்

காலணியை மாலையில் வாங்குக. பகல் முழுதும் நின்றும் நடந்தும் கால் சற்றே வீங்கியிருக்கும். நெடுநடையிலும் அப்படியே வீங்கும். காலையில் அளவாக இருந்த காலணி பிற்பகலில் கடிக்கும். கடையில் நின்றுகொண்டே அளவு பார்க்க வேண்டும். நீண்ட விரலுக்கு முன்னே கட்டைவிரல் அகலம் இடமிருக்கட்டும். குதிகால் மட்டும் வழுகக் கூடாது. வாங்கியதை இரண்டு மூன்று வாரம் கடைத்தெருவுக்கும் அலுவலகத்துக்கும் அணிந்து பழக்கிய பின்னரே யாத்திரைக்கு எடுக்க வேண்டும்.

பருத்திக் காலுறை உள்ளூர் நடைக்கு நன்று. நெடுநடையில் அது வியர்வையைக் குடித்து ஈரமாகவே நிற்கும். மெல்லிய கம்பளியோ விரைவில் உலரும் செயற்கை இழையோ மேலானது. மாற்று இணை ஒன்று பையில் இருக்கட்டும்; பாதி வழியில் மாற்றிக்கொண்டால் கால் புதிதாய்ப் பிறந்தாற்போல் இருக்கும். நகங்களை இரண்டு நாள் முன்பே நேராக வெட்டிவிடுக. ஓரங்களைக் குடைந்து வெட்டினால் நகம் சதைக்குள் வளரும். விரலிடுக்கிலும் குதியிலும் தொடைகள் உரசும் இடத்திலும் வாசலினோ தேங்காயெண்ணெயோ மெல்லத் தடவுக. வேட்டியில் நடப்போர்க்குத் தொடை உரசும் துன்பம் மிகுதி. உள்ளே நீண்ட அரைக்காற்சட்டை அணிவது நலம்.

கொப்புளம் எழுந்தேவிட்டால், சிறியதைக் குத்தாமல் மூடி வைக்க வேண்டும். நடக்கவே இயலாத பெரிய கொப்புளமாயின், கையையும் இடத்தையும் சோப்பிட்டுக் கழுவி, சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் சிறு துளையிட்டு நீரை வடித்து, மேல்தோலை உரிக்காமல் கட்டுப் போடலாம். அந்தத் தோலே சிறந்த கட்டு. ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர் தாமே ஊசி தொடக் கூடாது. மருத்துவரிடமே செல்ல வேண்டும்.

வலிக்காத கால்

இதைச் சொல்லும்போது நம்மோடு நடந்துவந்த பெரியவர் ஒருவரை நினையாதிருக்க இயலவில்லை. அரசாங்கப் பணியினின்று ஓய்வு பெற்றவர்; நெடுநாளாகச் சர்க்கரை நோயுடையவர். பேரனுக்கு உடல் தேறினால் வெறுங்காலோடு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டிருந்தார். “செருப்பு அணிந்து வாருங்கள் ஐயா” என்றோம். “எனக்குக் காலே வலிப்பதில்லை தம்பி” என்று சிரித்தார். நாமும் அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டோம்.

அவர் கால் வலிக்காததற்குக் காரணம் வலிமையன்று. சர்க்கரை நோய் நாட்பட்டால் பாதத்தின் நரம்புகள் உணர்விழக்கும்; இரத்த ஓட்டமும் குறையும். வழியில் ஏதோ ஒரு கூர்ங்கல் குத்தியதை அவர் அறியவேயில்லை. வீடு திரும்பியதும், குளிருக்கு இதமாகக் காலை அறை ஹீட்டரின் அருகே நீட்டியிருந்தார். பத்தாம் நாள் துர்நாற்றம் கண்டு மனைவியார் பார்த்தபோது புண் எலும்பு வரை சென்றிருந்தது. ஒரு விரலை எடுத்த பின்னரே காலைக் காப்பாற்ற முடிந்தது.

ஆதலின் நம் வீட்டுப் பெரியவர்கட்கு ஒரு விண்ணப்பம். சர்க்கரை நோயுடையோர் யாத்திரைக்கு முன் மருத்துவரிடம் பாதத்தின் உணர்வைச் சோதித்துக்கொள்க. வெறுங்கால் வேண்டா. இரவுதோறும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தாவது, பிள்ளைகளைக் கொண்டாவது பார்த்துவிடுக. வெந்நீரில் காலை வைக்குமுன் வேறொருவர் கையால் சூடு பார்க்கட்டும். தில்லிக் குளிரில் ஹீட்டரைக் காலுக்கு எட்டவே வையுங்கள். நெடுநடையில் சர்க்கரை திடீரெனக் குறைவதும் உண்டு. கற்கண்டோ குளுக்கோஸோ மடியில் இருக்கட்டும்.

நீரும் உடையும் சாலையும்

தைப்பூச வைகறையில் தில்லியின் குளிர் எலும்பைத் தொடும். ஒரு தடித்த உடையினும் மூன்று மெல்லிய உடைகள் மேல். சூடேறும்போது ஒவ்வொன்றாகக் கழற்றலாம். மூடுபனியில் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியும்படி வெளிர்நிற மேலாடையும் கைவிளக்கும் வேண்டும். நடைபாதை இல்லாத இடத்தில் சாலையின் வலப்புறமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி, ஒருவர்பின் ஒருவராகச் செல்க. புகைமூட்டம் மிகுந்த நாளில் நெஞ்சுநோயும் இழுப்பும் உள்ளவர் யாத்திரையை வேறு நாளுக்குத் தள்ளுவதே பத்தி. ரிட்ஜ் காட்டை ஒட்டிய சாலைகளில் குரங்குகள் உண்டு. தின்பண்டத்தைக் கையில் காட்டாதீர்.

குளிரிலும் உடல் நீரை இழக்கிறது. தாகம் தெரியாமையால் நாம் குடிப்பதில்லை. மணிக்கொருமுறை சில மிடறு அருந்துக. வெயிற்காலத்தில் உப்பிட்ட நீர்மோர் நன்று. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காவிடில் ஒரு லிட்டர் நல்ல நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளலாம். அளவு மாறினால் தீங்காகும். தோற்பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாதிருக்கட்டும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

மதர் தெரசா கிரசென்ட் முடியும் இடத்தில் பதினொரு சிலைகள் நிற்கின்றன. தண்டி யாத்திரையைக் காட்டும் அவற்றைப் படைத்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி, சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராக நெடுங்காலம் இருந்தவர். மெரினாவின் உழைப்பாளர் சிலையும் அவர் கைவண்ணமே. அங்கே இளைப்பாறும்போதெல்லாம் நமக்குக் கால அட்டவணைக் கணக்கு ஓடும். காந்தியடிகள் 1930 மார்ச் 12இல் புறப்பட்டு, ஏறக்குறைய 240 மைலை 24 நாட்களில் கடந்தார். அதே ஆண்டு ஏப்ரல் 13இல் இராஜாஜி திருச்சியிலிருந்து கிளம்பி, வேதாரண்யம் வரை சுமார் 150 மைலைப் பதினைந்து நாட்களில் நடந்தார். இரண்டும் நாளொன்றுக்குப் பத்து மைல்! நாட்டையே உலுக்கிய நடைகள் இவ்வளவு நிதானமாகவே நடந்திருக்கின்றன. நாமும் மூன்று கிலோமீட்டரில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுவோம். கோல் மார்க்கெட் வட்டத்தையே சுற்றிப் பழகலாம்.

அந்தப் பெரியவர் மறு ஆண்டும் வந்தார். மருத்துவர் சொன்ன மெத்தென்ற காலணியும் காலுறையும் அணிந்திருந்தார். பதினொரு சிலைகளின் அருகே அமர்ந்து, தாமே கழற்றிப் பாதங்களை எம்மிடம் காட்டினார். “பார்த்துச் சொல் தம்பி, எனக்குத் தெரியாது” என்றார். ஒவ்வொரு விரலாகப் பார்த்து, “ஒன்றுமில்லை ஐயா” என்றோம். மறுபடி காலுறையை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

வரும் தைப்பூசத்துக்கு எம்மோடு வர விரும்பும் அன்பர்கள் கார்த்திகையிலேயே காலணியைப் பழக்கத் தொடங்குக. வழியில் மூன்று இடத்தில் நிற்போம். மூன்றிலும் எல்லோரும் காலுறையைக் கழற்ற வேண்டும். வெட்கம் வேண்டா.