படுங்க மாப்பிள்ளை

கன்னடியன் கால்ல தண்ணி வந்து பிசான நடவு முடிஞ்சா எங்க வயல்ல பொறி உள்ளான் இறங்கிரும். ஒரு சாண் பறவைதான், சைபீரியா பக்கமிருந்தெல்லாம் வருது. மருமகன் கேமராவோட வரப்புல நின்னே எடுத்தார். படத்துல முதுகும் சேறும்தான். “படுங்க மாப்பிள்ளை”ன்னேன். கேமரா தண்ணிக்கு மேல அரையடியில வந்ததும், பறவை கண்ணுக்கு நேரா நம்ம கண்ணு. பின்னாடி பயிர் தூரமாப் போயி வெறும் பச்சையா கலங்கிருச்சு. முதுகுப் புள்ளி ஒவ்வொண்ணும் எண்ணலாம். படுத்த ஆளை அது சட்டை பண்ணல, மேய்ஞ்சுக்கிட்டே கிட்ட வந்துச்சு.

பக்கத்து வயல் பிளாட்டாயிட்டு. செம்மண் அடிச்ச பிறகு அங்க ஒண்ணும் இறங்கல. என்னுதையும் கேக்காங்க. அந்தப் படத்தைப் பெருசாக்கி, புரோக்கர் உக்கார்ற நாற்காலிக்கு எதிர்ல மாட்டிருக்கேன்.