மிதுனத்தின் கடைசி நாள்

பாலக்காட்டுச் சீமையில், சித்தூர் தாலுக்காவின் கிழக்கோரத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடும் என்பது தெரிந்த விஷயமே. ஆனால் அவ்விரண்டின் பஞ்சாங்கங்கள் எல்லா நாளும் அவ்வளவு சிநேகமாக இருப்பதில்லை என்பதை, அங்கே ஒரு தமிழ்ப் பள்ளியில் வாத்தியாராக இருந்த காலத்தில், வாடகை வீட்டைக் காலி செய்ய நேர்ந்த ஒரு நாளில்தான் நான் தெரிந்துகொண்டேன்.

முத்திரைத்தாளில் எழுதிய எங்கள் கரார் சிங்கம் 1 முதல் பதினோரு மாதத்துக்கு. ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 1908 ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் விதித்திருப்பதால், செலவுக்கும் அலைச்சலுக்கும் அஞ்சிய நம் ஜனங்கள், வாடகை விஷயத்தில் மட்டும் வருஷத்துக்குப் பதினோரு மாதமே என்று தேசம் முழுவதும் தீர்மானித்துவிட்டார்கள். சிங்கத்தில் தொடங்கும் பதினோரு மாதம் ஆடியின் வாசற்படியில் போய் நிற்கும் என்பதைக் கையெழுத்துப் போடும் அவசரத்தில் வீட்டுக்காரரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

சாமான்களைக் கட்டிவைத்தாயிற்று, லாரி மட்டும் ஒரு நாள் தாமதம். மறுநாள் காலையில் வீட்டுக்காரர் சாவிக்காக வந்து நின்றபோது, இன்று ஆடி பிறக்கிறது, பால் காய்ச்சும் பாத்திரத்தை ஆடியில் நிலைப்படி தாண்ட விடமாட்டேன் என்று என் மனைவி அடுக்களையிலிருந்து அறிவித்தாள். “மிதுனம் கழிஞ்ஞிட்டில்லல்லோ மாஷே!” என்று அவர் கூடத்துச் சுவரில் தாமே மாட்டியிருந்த மலையாளக் காலண்டரைச் சுட்டினார், எதிர்ச்சுவரில் எங்கள் தினசரித் தாள் ஆடி 1 என்றது. இருவரும் பொய் சொல்லவில்லை. சூரியன் ராசி மாறுவது அஸ்தமனத்துக்கு முன் நிகழ்ந்தால் அன்றே மாதம் பிறந்ததாகக் கொள்வது தமிழ் வழக்கு. பகற்பொழுதின் ஐந்தில் மூன்று பங்கு கழிவதற்குள் நிகழ்ந்தால்தான் அன்று, இல்லையேல் மறுநாள் என்பது கேரள வழக்கு. அன்று பகவான் கடகத்துக்குக் குடிபோக நிச்சயித்திருந்ததோ பிற்பகல்!

தெருக்கோடியில் இருந்த ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தாவிடம் போனோம். பதினைந்து நாள் நோட்டீஸ் வரவில்லையே என்று நான் சட்டம் பேசினேன். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 106 ஆம் பிரிவில் சொல்லும் அந்தப் பதினைந்து நாள், கெடு குறிக்காத மாத வாடகைக்குத்தான் என்றும், அந்த நோட்டீஸ் முன்பெல்லாம் வாடகை மாதத்தின் கடைசி நாளோடு முடியாமல் ஒரு நாள் பிசகினாலும் வழக்கே விழுந்துவிடும், 2002 கடைசியில் வந்த திருத்தம்தான் அந்தத் தொல்லையைத் தீர்த்தது என்றும் அவர் சாவதானமாக விளக்கினார். “கெடு போட்ட கராருக்கு எதுக்கு சார் தனி நோட்டீஸ்? நீங்க கையெழுத்துப் போட்ட அன்னிக்கே அது உங்க கைக்கு வந்தாச்சே!”

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அமலில் உள்ள இடத்தில் கெடு முடிந்தது என்பதற்காக மட்டும் ஒருவரை வெளியேற்ற முடியாது என்று பிறகு தெரிந்தது. அதற்கெல்லாம் அவசியம் ஏற்படவில்லை. கெடு கடந்தபின் சொத்துக்காரர் வாடகை வாங்கினால் அது குடியிருப்பு நீடிக்கச் சம்மதித்ததற்கு அடையாளம் என்பது 116 ஆம் பிரிவு. எங்கள் வீட்டுக்காரர் அடுத்த மாத வாடகையை வாங்கிக்கொண்டார். கர்க்கடகத்தில் புதுக் குடி வைக்க அவர் மனைவியும் இணங்கவில்லையாம்.

கெடு என்றால் இடுக்கி மலையில் உள்ளதே கெடு. பெரியாற்றுத் தண்ணீருக்காகத் திருவிதாங்கூரும் சென்னை அரசாங்கமும் 1886 அக்டோபர் 29 அன்று எழுதிக்கொண்ட குத்தகை, அவ்வாண்டு ஜனவரி 1 முதல் 999 வருஷத்துக்கு. 2884 இல் முடியும்போது விரும்பினால் இன்னொரு 999 வருஷம் நீட்டிக்கொள்ளவும் அதில் இடமுண்டு. எண்ணாயிரம் ஏக்கருக்கு ஏக்கர் ஒன்றுக்கு ஐந்து ரூபாய் வீதம் என்பது அன்று குறித்த வருஷ வாடகை. இப்படி ஒரு தேதியைக் குறித்தவர்கள் ஆடி மாதத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள்.

அதே ஜில்லாவில், தேவிகுளம் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், என் சித்தப்பா லயத்து வீட்டில் நாற்பது வருஷம் இருந்தார். வேலை உள்ளவரைதான் வீடு. ஐம்பத்தெட்டு வயது நிறைந்தால் இரண்டும் போய்விடும், வீட்டை ஒப்படைத்த பிறகே கிராஜுவிட்டி கைக்கு வரும். அந்த ஐம்பத்தெட்டைக் கணக்கிட ஆதாரமாயிருந்த பிறந்த தேதியோ, பேர் பதிந்த அன்று ஒரு கிளார்க் அவர் முகத்தையும் மீசையையும் பார்த்து உத்தேசமாக எழுதியது. தாம் அடைமழையில் பிறந்ததாகப் பாட்டி சொல்லுவாள் என்பார் சித்தப்பா; ஏட்டில் இருந்தது மார்ச் மாதம். காலி செய்யச் சொல்லி முன்கூட்டிக் கடிதம் ஏதாவது வந்ததா என்று நான் கேட்டதற்கு, “பேர் பதிஞ்ச அன்னிக்கே குடுத்துட்டாங்களே தம்பி” என்றார்.

வீட்டுக்குப் பின்னால் அவரைப் பந்தல் ஒன்று போட்டிருந்தார். சாவி கொடுக்க வேண்டிய நாள் விடியற்காலையில் முற்றிய காய்களை மட்டும் பறித்துத் துண்டில் முடிந்துகொண்டு, பிஞ்சுகளைக் கொடியிலேயே விட்டுவிட்டு, போடிக்குப் போகும் ஜீப்பில் ஏறினார்.