புடவை விலையும் ஸ்கேன் விலையும்

காஞ்சிபுரம் போகிறேன் என்றதுமே பக்கத்து வீட்டு மாமி, "எனக்கும் ஒரு கத்திரிப்பூ கலர்ல பட்டு பார்த்துட்டு வாங்களேன்" என்றார். இந்தத் தடவை நான் போனது புடவைக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறாள் என் நாத்தனார். அவள் வீட்டுக்காரர் தறி நெய்கிறவர். காலையில் அந்தத் தெருவுக்குள் நுழைந்தால், பாவை நீளமாக இழுத்துக் கட்டிச் சீர் பண்ணிக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்கு வீடு தறியின் 'டக் டக்'. 2019இல் அத்தி வரதர் எழுந்தருளிய 48 நாளும் இந்தத் தெருக்களில் கால் வைக்க இடமில்லை. இப்போது போனால் நிதானமாகச் சேவிக்கலாம். நூற்றுக்கால் மண்டபத்தில் கல்லிலேயே செதுக்கிய சங்கிலியைப் பார்க்கலாம், தங்கப் பல்லி வெள்ளிப் பல்லியைத் தொட்டுவிட்டு, மிளகும் சுக்கும் மணக்கும் கோயில் இட்லியை வாங்கிக்கொண்டு வரலாம்.

நான் போன அன்று நாத்தனார் கோயிலுக்குக் கூட வரவில்லை. எங்கள் மாமியாரும் பெரிய நாத்தனாரும் மார்பகப் புற்றுநோயில் போனவர்கள். அதனால் இவளையும் பரிசோதிக்கச் சொல்லியிருந்தார்கள். மேமோகிராம் எடுத்தாயிற்று. மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் படம் தெளிவாக இல்லை, எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்துவிட்டார்.

"மூணு இடத்துல கேட்டேன் அண்ணி. ஒருத்தர் ஏழாயிரம்கறார், ஒருத்தர் ஒன்பதாயிரத்தஞ்நூறு, இன்னொருத்தர் பதினாறாயிரம். ஒரே ஸ்கேன்தானே? யார் நம்மளை ஏமாத்தறாங்கன்னே புரியல. பேசாம விட்டுடலாமான்னு இருக்கு."

'விட்டுடலாமா' என்ற அந்த வார்த்தைதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

தறிக் குழியிலிருந்து அவள் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். "ஜரிகை எவ்வளவு, கோர்வையா இல்லையான்னு கேக்காம புடவை விலையைச் சொல்ல முடியுமாக்கா? இதுலயும் உள்ள என்னென்ன போட்டிருக்காங்கன்னு கேக்கணும்." எத்தனை சரி! வெள்ளி இழைக்குத் தங்க முலாம் போட்ட அசல் ஜரிகையா, வெறும் மினுமினுப்பா என்பதில் அல்லவா புடவையின் விலை ஏறி இறங்குகிறது!

நானே போனை எடுத்து மூன்று இடத்துக்கும் பேசினேன். ஏழாயிரம் சொன்ன இடத்தில் ஊசி மருந்துக்குத் தனிக் காசு. மார்பகத்தில் புற்று இருக்கிறதா என்று பார்க்கும் எம்.ஆர்.ஐ.க்கு காடோலினியம் கலந்த மருந்தைக் கையில் நரம்பு வழியாகச் செலுத்தியே ஆகவேண்டும். அது இல்லாமல் எடுத்த படத்தால் இதற்குப் பிரயோஜனம் இல்லை. மருந்து, அதற்கு முன் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை, படம், எல்லாம் சேர்த்தால் அதுவும் ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. போதாததற்கு 'பிரெஸ்ட் காயில்' இருக்கிறதா என்று கேட்டால், "இருங்க, விசாரிச்சு சொல்றேன்" என்றார் அந்தப் பெண். குப்புறப் படுத்து மார்பகத்தை வைப்பதற்கென்றே உள்ள சாதனம் அது. எம்.ஆர்.ஐ. மெஷின் உள்ள எல்லா இடத்திலும் அது இருப்பதில்லை.

பதினாறாயிரம் சொன்னது பெரிய ஆஸ்பத்திரி. மூன்று டெஸ்லா மெஷினாம். காந்த சக்தி அதிகம். ஆனால் ஒன்றரை டெஸ்லாவிலும் நல்ல காயிலோடு எடுத்தால் போதும் என்றார் டாக்டரம்மா. மார்பகப் படம் பார்த்துப் பழகிய டாக்டர் ரிப்போர்ட் எழுதுகிறாரா என்பதுதான் முக்கியமாம். ஒன்பதாயிரத்தஞ்நூறில் மருந்து, படம், ரிப்போர்ட் எல்லாம் அடக்கம். காயிலும் இருந்தது. அதையே முடிவு செய்தோம்.

நாளையும் பார்க்க வேண்டியிருக்கிறது, சகோதரிகளே. மாதவிலக்கு வரும் பெண்களுக்கு, விலக்கான நாளிலிருந்து ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் எடுப்பது நல்லது. மற்ற நாட்களில் ஒன்றுமில்லாத இடமும் படத்தில் பளிச்சென்று தெரிந்து வீண் பயம் காட்டும். கர்ப்பிணிகளுக்கு இந்த மருந்தைப் பொதுவாகப் போடுவதில்லை. பால் கொடுப்பவர்களும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். உங்களில் எல்லோருக்கும் இந்த ஸ்கேன் தேவை என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் மேமோகிராமும் அல்ட்ரா சவுண்டும்தான்.

ஸ்கேன் அன்று ஒரு கூத்து. நல்ல காரியம் போல இருக்கட்டும் என்று நாத்தனார் ஜரிகைக் கரை போட்ட புடவையில் கிளம்பிவிட்டாள்! ஜரிகை உலோகம், அந்தக் காந்த அறைக்கு ஆகாது. அங்கே அவர்கள் கொடுத்த பருத்தி கவுனைப் போட்டுக்கொண்டு தாலிச் சரடு, மெட்டி, ஹேர்பின் வரை கழற்றி என் கைக்குட்டையில் முடிந்து கொடுத்தாள். தாலியைக் கழற்றும்போது மட்டும் கண் கலங்கியது. முக்கால் மணி நேரம் வெளியே அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "நம்ம தறிச் சத்தமே தேவலாம் அண்ணி" என்றுகொண்டே வந்தாள்.

திரும்பும் வழியில் அறிஞர் அண்ணாவின் நினைவு இல்லத்தைக் கடந்தோம். 1969இல் புற்றுநோயில் மறைந்தவர் அவர். ஊருக்கு வெளியே காரைப்பேட்டையில் அவர் பெயரிலேயே அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. "உன் வீட்டில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கா?" என்று கேட்டேன். வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. சில பரிசோதனைகளும் அதில் உண்டு. எந்த ஆஸ்பத்திரியில், எந்த ஸ்கேனுக்கு என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். இருக்கிறதாம். பீரோவில் புடவைக்கு அடியில்!

ரிப்போர்ட் நான்காம் நாள் வந்தது. இப்போதைக்கு ஒன்றும் இல்லை, ஆனால் வருஷா வருஷம் பார்க்க வேண்டும். நாத்தனார் அந்த அட்டையை எடுத்துத் துடைத்து, சுவர் காலண்டர் ஆணியில் ஒரு பையில் போட்டு மாட்டியிருக்கிறாள். காலண்டரின் பின்பக்கம், அடுத்த வருஷம் கேட்க வேண்டிய கேள்விகள்: மருந்து சேர்த்தா? காயில் இருக்கா? ரிப்போர்ட் யார் எழுதுவாங்க?

மாமிக்குத்தான் கத்திரிப்பூ கலர் கிடைக்கவில்லை.